கிணற்றடியில் கேட்ட மத்தியான மணி

என் வீட்டுக்காரர் கிணற்றுக்குள் மண் சரிந்து புதைந்துபோனபோது எங்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. வயிற்றில் தலைப்பிள்ளை. ஐம்பதுகளின் கடைசி, தவக்காலம். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். தண்ணீர் வற்றிப்போனதால் கிணற்றை ஆழப்படுத்திக்கொண்டிருந்தார்கள்.

ஊரே ஓடி வந்தது. என் கொழுந்தன் சவரிமுத்துவும் இன்னும் சிலரும் கயிறு கட்டி இறங்கி, மேற்குப் பக்கத்து மண்ணை வெட்டி வாரினார்கள். கடைசியாக அவர் அங்கேதான் நின்றாராம். வெகுநேரமாகியும் ஆளைக் காணோம். "இனிமே எங்க..." என்று யாரோ முணுமுணுத்தது என் காதில் விழுந்தது. மண்ணில் புரண்டு கதறினேன். என் தொண்டைதான் ஊருக்கே தெரியுமே! செபம் மட்டும் வாயில் வரவில்லை. "மாதாவே, அவர எனக்குக் குடுத்துரு" என்பதைத் தவிர வேறொன்றும் தெரியவில்லை.

அப்போது மத்தியான மணி அடித்தது. கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கு இங்கே நடப்பது தெரியாது. காலை, மத்தியானம், மாலை என்று மூன்று வேளையும் சொல்லும் திரிகால செபத்துக்கு வழக்கம்போல் அடித்தார். இந்தக் காலத்துப் பிள்ளைகள் நம்பமாட்டார்கள். அன்றெல்லாம் அந்த மணி கேட்டால் ஏர் நிற்கும், உலக்கை நிற்கும், சண்டைகூடப் பாதியில் நிற்கும். ஏன் எதற்கு என்று கேட்டவர் யார்? அன்றும் அப்படியே எல்லாம் நின்றது. ஆண்கள் தலையில் கட்டிய உருமாலைக் கழற்றிவிட்டு மனதுக்குள் செபித்தார்கள். உள்ளே மண்வெட்டிச் சத்தம் ஓய்ந்தது. ஆட்டுத்தோல் வாங்க வந்திருந்த ராவுத்தரும் அசையாமல் நின்றார். ஏன், நானே வாயை மூடினேன். எப்பேர்ப்பட்ட ஜனம் அது!

மணி ஓய்வதற்குள் கொழுந்தன் கிணற்றுக்குள்ளிருந்து அலறினான். "மதினி! அண்ணன் உசுரோட இருக்காரு! கெழக்குப் பக்கம் தட்டுற சத்தம் கேக்குது!"

பாறை இடுக்கில் ஒதுங்கிக் கிடந்தவரைக் கால் முறிந்த நிலையில் தூக்கினார்கள். ராவுத்தர் தன் வண்டியிலேயே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தார். அதற்கப்புறம் எத்தனையோ வருடம் என் வீட்டுக்காரர் காலை இழுத்துக்கொண்டே உழுதார், பிள்ளைகளை வளர்த்தார். மாதாவுக்கு நான் எந்த வாயால் நன்றி சொல்வேன்?

ஆஸ்பத்திரியில் அவரிடம் கேட்டேன், "ஏங்க, மொதல்லயே தட்டியிருக்கக் கூடாதா?"

சிரித்தார். "மண்ணு விழுந்ததுலருந்து தட்டிக்கிட்டுத்தான் இருந்தேன். நீ போட்ட கூப்பாட்டுல எங்குட்டுக் கேக்கும்?"

அன்றிலிருந்து செபம் முடிந்ததும் நான் எழுந்து ஓடுவதில்லை. சகோதர சகோதரிகளே, நீங்களும் நம்பிக் கூப்பிடுங்கள். கூப்பிட்டபின் செத்த நேரம் சும்மாவும் இருங்கள். எனக்குப் பதில் அப்போதுதான் கேட்டது.