கட்ட ஓட்டை இல்லாத போன்

எங்கள் வீட்டில் நகரக்கூடிய பொருள் எதுவும் கட்டாமல் இருக்காது. டிவி ரிமோட் நாற்காலிக் கையோடு, நகவெட்டி அலமாரிக் கதவோடு, சர்க்கரை டப்பாவின் கரண்டி டப்பாவோடு. விருந்தாளி யாராவது கத்திரிக்கோல் கேட்டால் கத்திரிக்கோல் அவரிடம் வராது, அவர்தான் கத்திரிக்கோலிடம் போக வேண்டும். ஒருநாள் ரிமோட்டை அவிழ்த்துவிட்டு அந்தக் கயிற்றில் ஒரு வெங்காயத்தைக் கட்டி வைத்தேன். அப்பா வந்து உட்கார்ந்தார். வெங்காயத்தை எடுத்தார், திருப்பிப் பார்த்தார், முடிச்சை இழுத்துப் பார்த்தார். "முடிச்சு நல்லா போட்டிருக்க" என்று சொல்லிவிட்டு எழுந்துபோய் டிவியைக் கையால் போட்டார். அவரிடம் குறும்பு செய்வதில் அன்றைக்கே எனக்குப் பாதி உற்சாகம் போய்விட்டது.

அப்பாவின் வேலை உயரமான கட்டடங்களுக்குக் கண்ணாடி துடைப்பது. மொட்டை மாடியில் கயிற்றைக் கட்டி, இடுப்பிலும் நெஞ்சிலும் பெல்ட் மாட்டி, வாளியும் தண்ணீர் வழிக்கிற வைப்பருமாகச் சுவரோடு சுவராக இறங்குவார். அந்த வேலையில் கையில் இருப்பதெல்லாம் உடம்போடு கட்டியிருக்க வேண்டும். துணி, சோப்புப் புட்டி, கண்ணில் போடுகிற கண்ணாடி உட்பட. மேலேயிருந்து நழுவுகிற ஸ்பூன் தரைக்கு வந்து சேரும்போது ஸ்பூனாக இருக்காது என்பார். பல வருஷம் அப்படிக் கட்டிக் கட்டி, வீட்டுக்கு வந்தாலும் கை சும்மா இருப்பதில்லை.

இன்னொரு வழக்கமும் உண்டு. அவர்கள் எப்போதும் இரண்டு பேராகத்தான் இறங்குவார்கள். ஜோடி என்று பெயர். பெல்ட்டைக் கயிற்றோடு சேர்க்கிற தன் நெஞ்சுக் கொக்கியைத் தானே பார்த்துத் திருப்திப்படக் கூடாது, ஜோடிதான் பார்க்க வேண்டும். பார்த்து, கொக்கியின் திருகை முறுக்கி, அதன்மேல் விரலால் இரண்டு தட்டு தட்டினால்தான் மற்றவர் விளிம்பைத் தாண்டலாம். கயிறு உரச உரசத் திருகு கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும். தொங்குகிறவர் குனிந்து தன் நெஞ்சைப் பார்த்துக்கொண்டிருக்க முடியாது. பக்கத்துக் கயிற்றில் இருப்பவர்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அப்பாவின் ஜோடிக்கு நெட்டை என்று பெயர். நான் நெட்டைச் சித்தப்பா என்பேன். சொந்தம் எதுவும் கிடையாது. ஆனால் சொந்தச் சித்தப்பா எங்கள் வீட்டுக்கு வருவதைவிட இவர் அதிகம் வருவார், வாசல் நிலையில் தலையை இடித்துக்கொண்டே.

அப்பாவின் வலது தோள் கெட்டுக்கொண்டிருந்தது. அவர் யாரிடமும் சொல்லவில்லை. அம்மாதான் கண்டுபிடித்தாள். முன்பெல்லாம் சீப்பைத் தலைக்குக் கொண்டுபோனவர், இப்போது தலையைச் சீப்புக்குக் கொண்டுவர ஆரம்பித்திருந்தார். அம்மா ஒரு வாரம் பேசாமல் பார்த்தாள். பிறகு அவளே கண்ணாடி முன்னால் உட்காரவைத்து வாரிவிட்டாள். இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. எங்கள் வீட்டில் பெரிய விஷயங்களுக்கெல்லாம் இதுதான் முறை.

அந்த நேரத்தில்தான் இரண்டு விஷயங்கள் ஒன்றாக வந்தன. அப்பாவின் பழைய போன் செத்துப்போனது. மூலையில் கயிறு கோக்க ஓட்டை உள்ள, பட்டன் வைத்த போன். இடுப்பில் கட்டியிருந்ததால் கடைசிவரை அது விழவே இல்லை. மழையில் நனைந்து, தொங்கியபடியே உயிரை விட்டது. கம்பெனியிலும் இப்போது டச் போனில்தான் வருகை போட வேண்டுமாம். ஆகவே எப்படியும் ஒன்று வாங்கியாக வேண்டும்.

இரண்டாவது, கீழே நின்று வேலை வாங்குகிற சூப்பர்வைசர் விலகிவிட்டார். மேனேஜர் அப்பாவைக் கூப்பிட்டு, அந்த இடத்துக்கு வருகிறாயா என்று கேட்டார். ஒரு நிபந்தனை. முடிந்த கண்ணாடிகளைத் தரையிலிருந்தே படம் பிடித்துத் தினமும் அனுப்ப வேண்டும். மேல் மாடிகூட மூக்குக்கு நேரே தெரிகிற மாதிரிக் கேமரா உள்ள போன் வேண்டும். போனைக் கம்பெனி தராது.

கடைக்குப் போனோம். நானும் கூடப் போனேன், பள்ளிக்கூடத்தைவிட அது பயனுள்ள இடம் என்பதால். கடைக்காரப் பெண் இரண்டு போனை எடுத்துக் காட்டினாள். ஒரே கம்பெனி, ஒரே வருஷம், ஒரே முகம். ஒன்று சாதா, பிளாஸ்டிக் முதுகு. மற்றது அதற்கு அண்ணன், முதுகும் கண்ணாடி, பின்னால் பெரிய கேமரா. தம்பியும் நன்றாகத்தான் பேசுவான், படம் காட்டுவான், வருகை போடுவான். தூரத்தில் இருப்பதைக் கிட்டே இழுக்க மட்டும் அவனுக்குத் தெரியாது. அண்ணனுக்கும் தம்பிக்கும் இடையே உள்ள விலையில் எனக்கு ஒரு சைக்கிள் வாங்கலாம். அதை நான் வாய்விட்டே சொன்னேன். யாரும் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

அப்பா இரண்டையும் கையில் நிறுத்துப் பார்த்தார். மூலைகளைத் தடவினார். கட்ட ஓட்டை எங்கே என்று கேட்டார். அவளுக்குப் புரியவில்லை. ஆனால் கடையில் ஒரு விஷயம் அப்பாவுக்கு ரொம்பப் பிடித்துப்போனது. மேஜைமேல் இருந்த எல்லாப் போனும் சுருள் கம்பியில் கட்டியிருந்தன. முறையாக நடத்துகிற கடை என்று என்னிடம் மெதுவாகச் சொன்னார்.

வாங்காமல் திரும்பினோம். அடுத்த வாரமும் போய் வாங்காமல் திரும்பினோம். அதற்கடுத்த தடவை கடைக்காரப் பெண் எங்களைப் பார்த்ததும் இரண்டு போனையும் கேட்காமலே துடைத்து வைத்தாள். அன்றைக்கும் இல்லை. சாதா போதும் என்பார், வாசல்வரை வருவார், திரும்பிப் போய்ப் பெரியதைப் பார்ப்பார்.

அம்மா அச்சகத்தில் புத்தகம் தைக்கிற பிரிவில் இருக்கிறாள். எதையும் நாலு பக்கமும் தட்டி நேராக்கித்தான் வைப்பாள். அன்று சாயங்காலம் அப்பாவையும் அப்படித்தான் தட்டினாள்.

"பெரிய போன்னா கீழ. சின்ன போன்னா மேல. அவ்வளவுதானே? இதுக்கு எதுக்கு இத்தன தடவ கடைக்கு நடக்கறீங்க?"

அப்பா துண்டை மடித்துக்கொண்டிருந்தார். மடித்த துண்டையே மறுபடி மடித்தார்.

"நான் கீழ வந்துட்டா நெட்டைக்கு யாரு தட்டுவாங்க?"

அம்மா துண்டை அவரிடமிருந்து வாங்கி வைத்தாள். கம்பெனியில் ஆள் இல்லாமல் இல்லை. புதிதாக ஒருவன் சேர்ந்திருந்தான். நல்ல பையன்தான், ஆனால் கயிற்றில் தொங்கும்போது கீழே போகிற கார்களை வேடிக்கை பார்ப்பான் என்று நெட்டைச் சித்தப்பா சொல்லியிருந்தார். அவனிடம் நெட்டையை விட்டுவிட்டுத் தரையில் நிற்பதா, கெட்ட தோளோடு மேலே தொங்குவதா. போன் கடையில் அப்பா திணறிக்கொண்டிருந்தது இதற்குத்தான். கேமராவெல்லாம் பேச்சுக்கு.

இரண்டு நாள் கழித்து நெட்டைச் சித்தப்பா வீட்டுக்கு வந்தார். வழக்கம்போல் நிலையில் இடித்துக்கொண்டார். நிலையைக் கொஞ்சம் உயர்த்தினால் குறைந்தா போய்விடுவீர்கள் என்று வழக்கம்போல் கேட்டார். அம்மாதான் வரச் சொல்லியிருப்பாள் என்று நினைக்கிறேன். நான் அவருடைய செருப்பு இரண்டையும் சேர்த்துக் கட்டுவதற்காக வாசலில் உட்கார்ந்திருந்ததால் பேச்சு முழுதும் கேட்டது.

முதலில் வேறு எதையெதையோ பேசினார்கள். எந்தக் கட்டடத்தில் புறா அதிகம், எந்த மாடியில் இருப்பவர்கள் திரைச்சீலையே போடுவதில்லை என்பது மாதிரி. பிறகு நெட்டைச் சித்தப்பா பேச்சை நிறுத்தினார்.

"அண்ணே, பெரியத வாங்குங்க."

"பாக்கலாம்டா."

"என்னத்தப் பாக்கறது? நீங்க கொஞ்ச நாளா இடது கையாலதான் தட்டறீங்க. எனக்குத் தெரியாதுன்னு நினைச்சீங்களா? போன வாரம் திருகவே இல்ல, சும்மா தட்டினீங்க. நான் உங்களுக்குத் தெரியாம நானே முறுக்கிக்கிட்டேன்."

நான் செருப்பு வாரைக் கீழே வைத்தேன். ஜோடியின் கொக்கியைத் திருகாமல் தட்டுவது அந்த வேலையில் எவ்வளவு பெரிய காரியம் என்று எனக்கே தெரியும்.

"வேணும்னு செய்யலடா. கை போகல" என்றார் அப்பா.

"தெரியும்ணே. அதனாலதான் சொல்றேன்."

அதற்கப்புறம் டீ குடித்தார்கள். கிளம்பும்போது சித்தப்பா செருப்பைப் பார்த்தார். பாதிதான் கட்டியிருந்தேன். "வர வர உனக்கும் வேலைல கவனம் இல்ல" என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார்.

மறுநாள் கடைக்குப் போனோம். அப்பா நேராகப் பெரிய போனை எடுத்தார். வெளியே கொண்டுபோய்ப் பார்க்க வேண்டும் என்றார். கம்பியில் கட்டியிருப்பதால் முடியாது என்றாள் கடைக்காரப் பெண். கட்டியிருப்பதை அவிழ்க்கச் சொல்ல அப்பாவுக்கும் வாய் வரவில்லை. கம்பி எட்டுகிறவரை இழுத்துக்கொண்டு போய், கடையின் முன்பக்கக் கண்ணாடி வழியாக எதிர்க் கட்டடத்தைப் பார்த்தார். உடனே முகத்தைச் சுளித்தார். போனை என்னிடம் கொடுத்துவிட்டு, கைக்குட்டையை எடுத்து, வாயால் ஊதி, மேலிருந்து கீழாக ஒரு வளைவு, மறுபடி ஒரு வளைவு என்று கடைக் கண்ணாடியைத் துடைத்தார். தினமும் வந்தாலும் பரவாயில்லை என்று கடைக்காரப் பெண் நினைத்திருப்பாள்.

பிறகு மறுபடி போனைத் தூக்கினார். எதிர்க் கட்டடத்தின் உச்சியில் தண்ணீர்த் தொட்டி, அதற்குப் போகிற இரும்பு ஏணி. விரலால் திரையை விரித்துக்கொண்டே போனார். ஏணி வந்தது, ஏணியைக் கட்டியிருந்த கம்பி வந்தது, கம்பியின் முறுக்கு வந்தது. சின்ன போனிலும் அதே இடத்தைப் பார்த்தார். அதில் எல்லாம் ஈரச் சுவரில் வடிந்த சாயம் மாதிரி இருந்தது. திரும்பப் பெரியதற்கு வந்து அசையாமல் நின்றார். தரையில் நின்றுகொண்டு, கைக்கெட்டாத ஒரு கட்டு தளர்ந்திருக்கிறதா இறுகியிருக்கிறதா என்று அவர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

"அந்த முறுக்கு ரெண்டு சுத்து தளர்ந்திருக்கு" என்றார் யாரிடமோ. பிறகு கடைக்காரப் பெண்ணிடம், "இதையே குடுத்துடும்மா. இந்தக் கம்பியும் சேத்து வருமா?"

"அது திருடு போகாம இருக்கறதுக்கு சார்."

"கீழ விழாமலும் இருக்கும்ல."

கம்பியைத் தரவில்லை. அப்பா வீட்டுக்கு வந்து போன் உறையின் மூலையில் சூடாக்கிய கம்பியால் ஓட்டை போட்டு, நூல் கயிறு கோத்து, இடுப்பில் கட்டிக்கொண்டார். தரையில் நிற்பவரின் போன் விழுந்தால் அவர் காலில்தான் விழும். அதை அவருக்கு எடுத்துச்சொல்ல யாரும் முயலவில்லை.

சூப்பர்வைசர் ஆனார். காலையில் மொட்டை மாடிக்குப் போய் நெட்டைச் சித்தப்பா, அவருக்கு ஜோடியான புதுப் பையன் இரண்டு பேர் கொக்கியையும் பார்ப்பார். இறங்கி வந்து நடைபாதையில் நாள் முழுக்க அண்ணாந்து நிற்பார். அவர் அண்ணாந்து பார்ப்பதைப் பார்த்து, போகிறவர்களும் ஏதோ விழப்போகிறது என்று அண்ணாந்து பார்த்துவிட்டுப் போவார்கள். நடுநடுவே போனில் கொக்கியைப் பார்த்துவிட்டு இடது கையைத் தலைக்கு மேல் தூக்கி, பூட்டைத் திறக்கிற மாதிரி மணிக்கட்டைத் திருப்புவார். மேலே நெட்டைச் சித்தப்பா வைப்பரை வாயில் கவ்விக்கொண்டு, நெஞ்சுக் கொக்கியை ஒரு சுற்று முறுக்குவார். புதிதாக வந்தவனும் அதைப் பார்த்துவிட்டுத் தன் ஜோடியின் பக்கம் திரும்பப் பழகிக்கொண்டான்.

அந்த வாரக் கடைசியில் மேனேஜர் போன் செய்தார். அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்ததால் ஸ்பீக்கரில் போட்டார். அனுப்பிய படங்களைத் திறந்துகூடப் பார்க்காமல் மேனேஜர் அப்படியே கட்டடத்துக்காரர்களுக்கு அனுப்பியிருக்கிறார். அவர்கள் கூப்பிட்டு, கண்ணாடி துடைக்கச் சொன்னால் ஏன் ஒரு நெட்டை ஆளின் நெஞ்சைப் படம் பிடித்து அனுப்புகிறீர்கள் என்று கேட்டிருக்கிறார்கள்.

"ஒரே கொக்கியா இருக்கு. கண்ணாடி எங்கய்யா?"

"கண்ணாடி எங்கயும் போகாது சார்" என்றார் அப்பா.

அம்மா வாயைப் பொத்திக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டாள். மேனேஜரும் ஒரு காலத்தில் கயிற்றில் தொங்கியவர்தானாம், அப்பா பிறகு சொன்னார். கடைசியில், நாளையிலிருந்து கண்ணாடியும் வேண்டும் என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார். 'கண்ணாடியும்' என்று சொன்னதை அப்பா பிடித்துக்கொண்டார். ஒரு கண்ணாடி, ஒரு கொக்கி என்று அனுப்ப ஆரம்பித்தார். கண்ணாடிப் படம் கட்டடத்துக்காரர்களுக்குப் போனது. கொக்கிப் படத்தை மேனேஜர் தன்னோடு வைத்துக்கொண்டார்.

போன மாதம் அவர்களுக்கு என் பள்ளிக்கூடத் தெருவில் வேலை. அது எனக்குத் தெரியாது. தெரிந்திருந்தால் வேறு தெரு வழியாகப் போயிருப்பேன். ஒருநாள் சாயங்காலம் அப்பா போனைக் கொடுத்து, இன்றைக்கு எடுத்த படங்களைப் பார் என்றார். கண்ணாடி, கொக்கி, கண்ணாடி, கொக்கி. அதற்கப்புறம் ஒரு ஷூ. என் ஷூ. பின்னணியில் பூட்டிய பள்ளிக்கூடக் கேட், நான் உள்ளே இருந்திருக்க வேண்டிய நேரம், நான் கேட்டுக்கு வெளியே. திட்டுக்குத் தயாராகி, சொல்ல வேண்டிய பொய்யைக்கூட அடுக்கி வைத்துக்கொண்டேன்.

"லேஸ் அவுந்திருக்கு பாரு" என்றார்.

அவ்வளவுதான். பொய் வீணாகிவிட்டது.

மறுநாள் காலை நான் கிளம்பும்போது அப்பா வாசலில் என்னை நிறுத்தினார். குனிந்து உட்கார்ந்து, இரண்டு லேஸையும் அவிழ்த்து, வேலைக்குப் போடுகிற முடிச்சையே போட்டு இறுக்கினார். அதைச் சாயங்காலம் அவிழ்க்க எனக்கு அரை மணி நேரம் ஆகும். பிறகு ஷூவின் மேல் இரண்டு தட்டு தட்டினார், வலது கையால்.