எப்பவும் உங்ககிட்டதானே

ஊர்மிளா தீதி பொய் சொல்லி நான் முதன்முதலாகக் கேட்டது ஒரு பிளாஸ்டிக் வாளிக்காக. நாங்கள் கான்பூருக்கு மாற்றலாகி வந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது. மாடி வீட்டில் நாங்கள், கீழ் வீட்டில் தீதியும் அவள் கணவர் நிகம் சாகேபும். எனக்கு அவள் தீதி, அதாவது அக்கா; அவளுக்கு நான் பாபி, அண்ணி. வாளி வாங்கவேண்டும் என்றதும் என்னைச் சீசாமவு பஜாருக்கு இழுத்துக்கொண்டு போனாள். கடை புத்தம் புதுசு. திறப்பு விழாவுக்குக் கட்டிய சாமந்தி மாலைகூட இன்னும் வாடவில்லை. அந்தக் கடைக்காரனைப் பார்த்துக் கண் இமைக்காமல் சொன்னாள்:

"ஹம் தோ ஹமேஷா ஆப் ஹீ ஸே லேதே ஹைன்."

நாங்க எப்பவும் உங்ககிட்டதானே வாங்குறோம் என்று அர்த்தம். நேற்றுத் திறந்த கடையில் எப்பவும் வாங்கினாளாம்! அவனாவது சிரிப்பான் என்று பார்த்தால், "அதுக்கென்ன பெஹன்ஜி, இது உங்க கடைதானே" என்று நெஞ்சில் கைவைத்துச் சொல்லி அஞ்சு ரூபாய் குறைத்தான். இரண்டு புளுகர்களுக்கு நடுவில் நான் வாளியோடு நின்றேன்.

"எப்படி தீதி வாய் கூசாம சொல்றீங்க?" என்று திரும்பும் வழியில் கேட்டேன்.

"இதுல என்ன கூச்சம்? நமஸ்தேன்னு சொல்றவன் எல்லாம் மனசாரக் கும்பிடுறானா? அது மாதிரிதான். சொல்லலைன்னாதான் அவனுக்கு ஒரு மாதிரி இருக்கும்" என்றாள்.

செருப்பு, குக்கர் வளையம், உருளைக்கிழங்கு, பல் டாக்டர் எதுவானாலும் அதே வாக்கியம்தான். ஆமாம், பல் டாக்டரிடமும் சொல்லியிருக்கிறாள். பேரத்தில் நிகம் சாகேபுக்கும் ஒரு வேலை உண்டு. அவள் அதைச் சொன்ன கையோடு அவர் பத்தடி தள்ளிப் போய் நின்று, "வா, வேற கடை பார்ப்போம்" என்று சலித்துக்கொள்ளவேண்டும். ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்த மனுஷர், ரொம்பக் கூச்ச சுபாவம். பத்தடி என்றால் சில சமயம் முப்பது அடி போய்விடுவார். அவரைத் திரும்பக் கண்டுபிடிக்கவே நேரமாகும்.

அவர் இறந்துபோன பிறகு அவளோடு கடைக்குப் போவது எனக்குப் பிடிக்காமல் ஆயிற்று. வாக்கியத்தைச் சொல்லிவிட்டுத் தன்னை அறியாமல் பின்னால் திரும்பிப் பார்ப்பாள். அங்கே யாரும் சலித்துக்கொள்ளமாட்டார்கள். அந்த ஊரில் ஒற்றை ஆளும் தன்னை 'ஹம்' என்றுதான் சொல்லுவார். எனக்கோ தமிழ்க் காது. அவள் 'ஹம்' என்னும்போதெல்லாம் 'நாங்க' என்றே விழும். தனியாக நிற்கிறவள் நாங்க, நாங்க என்கிறாளே என்று நான் வேறு பக்கம் பார்த்துக்கொள்வேன்.

ஒரே மகன் ஆஷு ஐதராபாத்தில் இருந்தான். வாராவாரம் போன் பண்ணி, வீட்டைக் காலி செய்துவிட்டு வா என்பான். கெட்ட பிள்ளை இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் போனை வைத்துவிட்டு மூச்சு வாங்க மாடியேறி வந்தாள்.

"பாபி, எம் புள்ள என்ன கேக்குறான் தெரியுமா? 'அங்க உனக்கு யாரும்மா இருக்கா'ங்குறான். பஜாரே இருக்குடான்னேன். 'அந்தப் பஜார்ல ஒருத்தனுக்காவது உன்னைத் தெரியுமா, சொல்லு பாப்போம்'ங்குறான்."

"நான் இல்லையா தீதி?"

"உங்களுக்கு நாளைக்கே மாத்தல் வரும். ஊர்க்காரன் ஒருத்தன் வேணும்." சட்டென்று முகம் மலர்ந்தது. "ரஸ்தோகிக்குத் தெரியும். கம்பளி நூல் கடை ரஸ்தோகி. இருபத்திரண்டு வருஷமா, ஒரு குளிர்காலம் விடாம. அவர்கிட்ட தவிர வேற எங்கேயும் நூல் வாங்கினதில்ல. இது சத்தியம்."

சத்தியம்தான். வருஷத்துக்கு ஒன்றாக நிகம் சாகேபுக்கு ஸ்வெட்டர் பின்னுவாள். பாதியில் நூல் தீர்ந்தால் அதே சாயத்தில் தேடி எடுத்துத் தருவது ரஸ்தோகி மட்டும்தான் என்பாள். அந்த ஒரு கடையில்தான் அவள் வாக்கியம் பொய் இல்லை.

"நாளைக்குப் போறோம். அவருக்கு என்னைத் தெரிஞ்சா நான் எங்கேயும் போகல. தெரியலைன்னா ஆஷு சொல்றபடி கேக்குறேன். ஆனா நீங்க வாயத் தொறக்கக் கூடாது. அவராத் தெரிஞ்சுக்கணும். நாமளாச் சொன்னா அது தெரிஞ்சதாவே ஆகாது."

மறுநாள் பத்து மணிக்கே கிளம்பினோம். தலையை அழுந்த வாரி, நல்ல சால்வையைப் போர்த்திக்கொண்டு வந்தாள். போட்டோ எடுக்கப் போகிறவளைப் போல் இருந்தாள். குளிர் ஆரம்பித்திருந்ததால் கடையில் பெண்கள் கூட்டம். ரஸ்தோகி கண்ணாடியை மூக்கு நுனியில் இறக்கிவிட்டுத் தராசைத் தவிர எதையும் பார்க்காமல் இருந்தார். தீதி சிலேட்டு நிறத்தில் அரைக் கிலோ எடுத்து வைத்தாள்.

"இருநூத்திப் பத்து" என்றார்.

நமஸ்தே சொன்னாள். தலையாட்டினார். கொஞ்சம் நின்று பார்த்தாள். பிறகு, அந்த வாக்கியத்தை அவ்வளவு மெதுவாக அவள் சொல்லி நான் கேட்டதே இல்லை:

"நாங்க எப்பவும் உங்ககிட்டதானே வாங்குறோம்."

"எல்லாரும் எப்பவும் எங்ககிட்டதான் வாங்குறாங்க பெஹன்ஜி. சரி, இருநூறு குடுங்க."

"குறைக்கச் சொல்லல பையா. நெசமாத்தான் சொல்றேன். இருபத்திரண்டு வருஷமா இங்கதான்."

"இருபத்திரண்டு வருஷமா? அட, அப்பன்னா நூத்தித் தொண்ணூறு. இதுக்கு மேல என் கழுத்த அறுக்காதீங்க."

"வெல பேசலைங்குறேன்ல? நல்லா யோசிச்சுப் பாருங்க."

"யோசிச்சாச்சு. நூத்தியெண்பது. என் அசலே அதுதான். உங்க பேச்சுக்கு முன்னால யாரு நிக்க முடியும்?"

பக்கத்தில் இருந்த பச்சைச் சால்வைக்காரி துள்ளிக்கொண்டு வந்தாள். "அவங்களுக்கு மட்டும் நூத்தியெண்பதா? நாங்களும் எப்பவும் இங்கதான் வாங்குறோம்!" கடையே சிரித்தது. ரஸ்தோகியும் சிரித்தார், தராசைப் பார்த்தபடியே.

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. யோவ், நிகம் சாகேப் வீட்டு அம்மாய்யா இது, போன வருஷம் பாதியில் நின்ற நீல ஸ்வெட்டருக்கு நீதானே நூல் தேடிக் கொடுத்தாய் என்று கத்த வேண்டும் போல் இருந்தது. வாக்குக் கொடுத்துத் தொலைத்திருந்தேன். வாக்காவது மண்ணாவது என்று கத்தியிருக்கவேண்டும். இன்றைக்கும் அதை நினைத்தால் என்மேல் எனக்கே ஆத்திரம் வருகிறது.

தீதி பையைத் திறந்தாள். இரண்டு நூறு ரூபாய் நோட்டு, ஒரு பத்து ரூபாய் நோட்டு. நீவிவிட்டுத் தராசுக்குப் பக்கத்தில் வைத்தாள். முழு விலை. பச்சைச் சால்வைக்காரி வாயை மூடிக்கொண்டாள். குறைத்துத் தருகிறேன் என்று சொன்ன பிறகும் முழு விலை கொடுத்த ஒரு பெண்ணை அந்தக் கடை பார்த்திருக்கவே முடியாது. ரஸ்தோகி நோட்டை எடுத்தார், திருப்பிப் பார்த்தார். அப்புறம்தான் கண்ணாடியை மேலே ஏற்றிக்கொண்டு தலை நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். நன்றாக, நேராகப் பார்த்தார். தீதி மூச்சை அடக்கிக்கொண்டு நின்றாள்.

"பெஹன்ஜி," என்று பரிவோடு கேட்டார், "நீங்க வெளியூரா?"

அவள் விரல்கள் என் மணிக்கட்டை இறுக்கின.

"ஆமா பையா. வெளியூர்தான்."

"அதானே பார்த்தேன். இந்த ஊர்ல கேட்ட வெலையக் குடுக்காதீங்க, ஏமாத்திடுவாங்க" என்று சொல்லி முப்பது ரூபாயைத் திருப்பிக் கையில் வைத்தார். நல்ல மனுஷர். அதுதான் தாங்க முடியவில்லை.

வீடு வரைக்கும் காத்திருக்கவில்லை அவள். பஜார் முனையிலேயே எஸ்.டி.டி. பூத்துக்குள் நுழைந்து ஆஷுவின் ஆபீசுக்குப் போன் போட்டாள். கதவு சரியாகச் சாத்தாததால் எனக்கு எல்லாம் கேட்டது.

"டிக்கெட் எடுத்துடுப்பா. நான் வர்றேன்." அந்தப் பக்கம் அவன் பதறி என்னவோ கேட்டிருக்க வேண்டும். நூல் பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றாள்.

"ஒண்ணும் ஆகலடா. இங்க எல்லாம் வெல ஏறிப்போச்சு, அவ்வளவுதான்."