பன்னிரண்டு மீட்டரில் ஒரு குத்து

என் வீட்டுக்காரரை நான் இதுவரை ஒரே ஒரு தடவைதான் கைநீட்டி அடித்திருக்கிறேன். அதுவும் கடலுக்கடியில், முதுகில் சிலிண்டரோடு, வயிற்றைப் பார்த்து முஷ்டியால் ஒரு குத்து. அடித்ததற்காக எல்லாரும் என்னைப் பாராட்டினார்கள். அந்தப் பாராட்டுதான் எனக்கு இரண்டு வாரம் சோறு இறங்காமல் பண்ணியது.

வில்லியனூர் கடைத்தெருவில் எங்களுக்கு மோட்டார், பைப், வால்வு விற்கிற கடை. அப்பா வைத்தது, இப்போது நான் பார்க்கிறேன். கடலுக்கடியில் முக்குளிக்கக் கற்றுக்கொடுக்கும் ஒருவர், தன் கம்ப்ரஸருக்கு ஒரு பித்தளை ஜாயின்ட் கிடைக்காமல் புதுச்சேரி முழுக்க அலைந்துவிட்டு ஒருநாள் என் கடைக்கு வந்தார். கிடைத்த சந்தோஷத்தில், "ஒருநாள் வாம்மா, அடியில இன்னா இருக்குன்னு காட்றேன்" என்றார். பேச்சுக்குச் சொன்னார். நான் அடுத்த ஞாயிற்றுக்கிழமையே படகுத்துறையில் போய் நின்றேன். எனக்கு அப்படி ஒரு புத்தி. ஒன்றைப் பிடித்துவிட்டால் விடமாட்டேன். மூன்று வருஷத்தில் அறுபது தடவைக்கு மேல் இறங்கிவிட்டேன். அவரை நாங்கள் எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவோம்.

என் வீட்டுக்காரர் பண்டசோழநல்லூர்க்காரர். நான் விற்கிற மோட்டாரைக் கொண்டுபோய் மாட்டிக்கொடுப்பது அவர் வேலை. எந்தக் கிணற்றிலாவது மோட்டார் விழுந்துவிட்டால் சுற்றுப்பட்டு ஊரெல்லாம் அவரைத்தான் கூப்பிடும். லுங்கியைத் தார்ப்பாய்ச்சிக் கட்டிக்கொண்டு, நெஞ்சு நிறைய மூச்சை இழுத்துத் தலைகீழாகப் பாய்வார். முப்பது அடித் தண்ணீருக்குக் கீழே போய்க் கயிற்றைக் கட்டிவிட்டு, தரையை ஓர் உதை உதைத்து விருட்டென்று மேலே வருவார். மேலே நிற்கிறவர்கள் ஒன்று, இரண்டு என்று எண்ணிக்கொண்டே நிற்பார்கள். நூறைத் தாண்டினால் கைதட்டல்.

"நீ சிலிண்டர மாட்டிகினு போற ஆழத்துக்கு நான் சும்மாவே போவேன்டி" என்று மூன்று வருஷம் கிண்டலடித்தார். கடைசியில் அவரும் மாஸ்டரிடம் சேர்ந்து கற்றுக்கொண்டார். கற்றுக்கொள்ளும்போது இறங்கியது நான்கே தடவை. அதெல்லாம் ஏழு மீட்டரில்.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் எதற்குப் பயந்தேன் என்று புரியாது. கிணற்றில் மூச்சை அடக்குகிறவன்தான் கெட்டிக்காரன். சிலிண்டர் மாட்டி இறங்கும்போது மூச்சை அடக்கக் கூடாது. அதிலும் மேலே ஏறும்போது அடக்கவே கூடாது. பதினெட்டு மீட்டர் ஆழத்தில் நெஞ்சு நிறைய இழுத்த காற்று, மேலே வர வர இரண்டு மடங்குக்கும் மேலே வீங்கும். வாயை மூடிக்கொண்டு வந்தால் நுரையீரல் கிழிந்துவிடும். ஆள் தண்ணீருக்கு மேலே வருவான், உயிர் வராது. மாஸ்டர் எங்களுக்கு முதல் நாள் சொல்லிக்கொடுத்ததே இதுதான். என் வீட்டுக்காரர் முப்பது வருஷமாகச் செய்ததோ இதற்கு நேர் எதிர்.

மாஸ்டர் இன்னொன்றும் சொல்லுவார். ஜோடியாக இறங்கும்போது இடத்தை முடிவுபண்ண வேண்டியது அனுபவசாலியை வைத்து இல்லை. ரெண்டு பேரில் யார் புதுசோ, அந்த ஆளுக்கு எது ஆகுமோ அந்த இடம்தான்.

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. விடியும் முன்னே ரெண்டு பேரும் வண்டியில் கிளம்பினோம். பள்ளிக்கூடம் போகிற மகள் தூக்கக் கலக்கத்தில் கேட்டைத் திறந்துவிட்டு, "ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க" என்றாள். நாங்கள் போனாலும் ஒன்றாகத்தான் போவோம், வந்தாலும் ஒன்றாகத்தான் வருவோம், இவள் எதற்கு இதைச் சொல்கிறாள் என்று எனக்குச் சுருக்கென்றது. வழியில் மூலக்குளத்தில் அந்த நேரத்துக்கே மணல் லாரிகள். அவர் ஒன்றும் பேசாமல் ஓட்டினார். வாய் ஓயாத மனுஷர் பேசவில்லையே என்று அப்போதே நான் யோசித்திருக்க வேண்டும்.

படகு ஒரு மணி நேரம் போனபிறகு மாஸ்டர் என்னிடம் வந்து உட்கார்ந்தார். "இன்னாம்மா, எங்க எறங்கலாம்? ஏழு மீட்டர் பாறையா, பதினெட்டு மீட்டர் சரிவா? உன் ஜோடி, நீயே சொல்லு."

அந்த வாரம் தண்ணீர் கண்ணாடி மாதிரி தெளிந்திருந்தது. வருஷத்தில் நாலைந்து நாள்தான் அப்படி அமையும். பதினெட்டு மீட்டர் சரிவில் ஒரு களவா மீன் இருக்கிறது, ஆள் உயரம் என்று மற்றவர்கள் கதைகதையாகச் சொல்லியிருந்தார்கள். எப்போது போனாலும் கலங்கல்தான், நான் பார்த்ததே இல்லை. ஏழு மீட்டர் என்றுதான் சொல்ல வாயெடுத்தேன். சத்தியமாக. ஆனால் வார்த்தை வரவில்லை.

அதற்குள் என் வீட்டுக்காரர், "ஏழு மீட்டரா? அங்க போய் கால் கழுவிகினு வரதா? பதினெட்டு போலாம் மாஸ்டர்" என்றார்.

"உன் மாமா சொல்லிட்டாரு, நீ இன்னா சொல்ற?" என்று மாஸ்டர் என் முகத்தைப் பார்த்தார்.

"அவரு கெணத்துலயே பொறந்தவரு மாஸ்டர், ஒன்னியும் ஆவாது" என்றேன். பெரிய இவள் மாதிரி.

இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு மெதுவாக, காதை அடைக்கும்போதெல்லாம் நின்று நின்று போனோம். மாஸ்டர் முன்னால் போனார். கீழே மணல் தெரிந்தது, பாறை சரிந்து இறங்குவது தெரிந்தது. இருபது முப்பது அடி தூரம் பார்வை போகிறது! என் வீட்டுக்காரர் கட்டைவிரலையும் ஆள்காட்டி விரலையும் வளையமாக்கி நல்லா இருக்கேன் என்று காட்டினார். மற்ற கை மட்டும், சிலிண்டரைத் தாங்குகிற காற்றடைத்த சட்டையின் வாரை இறுகப் பிடித்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்த்துவிட்டுத் திரும்பிக்கொண்டேன்.

பாறை இடுக்கிலிருந்து அது வந்தது. புள்ளி புள்ளியாக, உதடு தொங்க, ஏதோ யோசனையில் இருக்கிற பெரிய மனுஷன் மாதிரி ஒரு களவா. எனக்குத் தலைகால் புரியவில்லை. ஜோடிக்குப் பக்கத்திலேயே நீந்த வேண்டும் என்பதை மறந்தேன், ஜோடி இருக்கிறது என்பதையே மறந்தேன். அதன் பின்னால் காலை உதைத்துக்கொண்டு போனேன். என் காலில் மாட்டியிருந்த துடுப்பு எதிலோ பட்டது. பாறை என்று நினைத்தேன்.

பாறை இல்லை. அவர் முகம்.

திரும்பிப் பார்த்தபோது அவருடைய கண்ணாடி மூக்குக்கு மேலே ஏறி நெற்றியில் கிடந்தது. கண்ணை இறுக மூடியிருந்தார். கன்னம் உப்பியிருந்தது. வாயில் குழாய் இருந்தது, ஆனால் அதிலிருந்து குமிழி வரவில்லை. குமிழி நின்றுபோயிருந்தது. கிணற்றில் செய்வதையே செய்கிறார். மூச்சை அடக்கிவிட்டார்! நான் பார்த்துக்கொண்டிருக்கும்போதே காலை மடக்கி, மணலைத் தேடி, ஓர் உதை உதைத்தார்.

ஐயோ என்று கத்தினேன். தண்ணீருக்குள் யாருக்குக் கேட்கும்?

பாய்ந்து போய் அவர் கணுக்காலைப் பிடித்தேன். என்னையும் சேர்த்து இழுத்துக்கொண்டு ஏறினார். கிணற்றில் மோட்டாரைத் தூக்குகிற பலம் அது. என் சட்டையிலிருந்த காற்றைத் திறந்துவிட்டேன், கையை எட்டி அவர் சட்டைக் காற்றையும் திறந்துவிட்டேன். அப்போதும் ஏறினோம். மணிக்கட்டில் இருந்த ஆழம் காட்டும் கருவி பதினாறு என்றது, பதினைந்து என்றது. வாரைப் பிடித்துப் பிடித்து அவர் மேல் ஏறி முகத்துக்கு நேராக வந்தேன். பதினான்கு. கன்னத்தைத் தட்டினேன். கண்ணைத் திறக்கவில்லை. தோளைப் பிடித்து உலுக்கினேன். அவருக்கு இப்போது நான் இல்லை, கடல் இல்லை, சுற்றிலும் கிணற்றுச் சுவர்தான். பதின்மூன்று. ரெண்டு பேரும் ஒண்ணா வாங்க என்று மகள் சொன்னது காதில் விழுந்தது. கதை இல்லை, நிஜமாகவே விழுந்தது.

பன்னிரண்டு என்று காட்டும்போது முஷ்டியை மடக்கி அவர் தொப்புளுக்கு மேலே ஒரு குத்து விட்டேன். என் ஆத்திரம் அத்தனையும் அதில் இருந்தது, அவர் மேல் பாதி, என் மேல் பாதி.

குபுகுபுவென்று குமிழி வந்தது. அதற்குமுன் அவ்வளவு அழகான ஒன்றை நான் பார்த்ததில்லை. களவாவாவது மண்ணாவது! அவர் குழாய் வழியே சடசடவென்று மூச்சை இழுத்து விட்டார், இழுத்து விட்டார். கண்ணைத் திறக்காமலே என் இரண்டு தோளையும் பிடித்துக்கொண்டார். மாஸ்டர் வந்து சேர்ந்தார். மூன்று பேரும் அங்குலம் அங்குலமாக ஏறி, விதிப்படி ஐந்து மீட்டரில் மூன்று நிமிஷம் நின்றோம். அந்த மூன்று நிமிஷமும் அவர் விரல் என் தோளில் பதிந்திருந்தது. நகம் பட்ட தழும்பு இன்னும் இருக்கிறது.

படகில் மாஸ்டர் அவரைப் படுக்கவைத்து ஆக்ஸிஜன் கொடுத்தார். கரைக்கு வந்ததும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனோம். நெஞ்சைப் படமெடுத்துப் பார்த்த டாக்டர் ஒன்றும் கிழியவில்லை என்றார். "ஒரு நொடி லேட்டாயிருந்தா, யம்மா..." என்று மாஸ்டர் கையெடுத்துக் கும்பிட்டார். என்னைப் பார்த்துத்தான் கும்பிட்டார். எனக்குத் தரையில் புதைந்துவிடலாம் போல இருந்தது.

அடுத்த இரண்டு வாரம் கடையில் இதே பேச்சு. வால்வு வாங்க வந்தவர்களிடமெல்லாம் அவர் சட்டையைத் தூக்கி, கன்றிப்போன இடத்தைக் காட்டுவார். "என் பொண்டாட்டி குத்துன குத்துலதான்யா நான் உயிரோட இருக்கேன். ஆழமா போலாம்னு அடம் புடிச்சது நானு. அவ இன்னா செய்வா, பாவம்." எதிரே இருக்கும் ஜவுளிக்கடை பாய் எனக்கு ஒரு டீ வாங்கி அனுப்பினார். டீ எனக்குக் கசந்தது.

தாங்கமுடியாமல் போனது ஒரு சனிக்கிழமை. டாக்டர் சரி என்றதும் என் வீட்டுக்காரர் பண்டசோழநல்லூரில் பங்காளி ஒருவருடைய கிணற்றில் பழகிக்கொண்டிருந்தார். மாஸ்டர் சொல்லியிருந்தார், கெட்ட பழக்கம் எங்கே வந்ததோ அங்கேயே போக வேண்டும் என்று. சிலிண்டரோடு இறங்கி, கண்ணாடியைக் கழற்றிவிட்டு, மூச்சை அடக்காமல், 'ஆ' என்று விட்டுக்கொண்டே மெதுவாக மேலே வர வேண்டும். நான் படியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழாவது தடவையோ எட்டாவது தடவையோ அவர் தலை மேலே வந்ததும் சொல்லிவிட்டேன்.

"ஏங்க, உங்க கண்ணாடிய தட்டிவுட்டது என் காலு."

அவர் படியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பதினெட்டு மீட்டர் கேட்டது நீங்க இல்ல. நான்தான். ஏழுன்னு சொல்ல வாய் வந்துது, அந்த மீனுக்கு ஆசப்பட்டு முழுங்கிட்டேன். நீங்க சொல்லட்டும்னு காத்துகினு இருந்தேன்."

அழுதுவிட்டேன். எனக்கு அழவும் ஒழுங்காக வராது, திட்டுகிற மாதிரிதான் வரும்.

அவர் முகத்தில் வழிந்த தண்ணீரைத் துடைத்தார். "தெரியும்டி" என்றார். "காலு பட்டது தெரியாது. மத்தது தெரியும். மாஸ்டர் கேக்கும்போது நீ அந்தச் சரிவு இருக்கற பக்கமா பாத்த பாரு, நான் உன் மூஞ்சியத்தான் பாத்துகினு இருந்தேன். கல்யாணம் ஆனதுலேர்ந்து எனுக்கு இது வோணும்னு நீ ஒன்னு கேட்டது இல்ல. அதான் நானே சொல்ட்டேன். எனுக்கு வூட்ல கெளம்பும்போதே பயந்தான்."

அவ்வளவுதான், எனக்கு எங்கிருந்துதான் கோபம் வந்ததோ. "யோவ்! பயமா இருக்குன்னு வாயத் தொறந்து சொல்றதுக்கு இன்னாய்யா கேடு? என் ஆசைக்கு நீ சாவணுமா? அப்புறம் நான் அந்த மீன வெச்சிகினு குடும்பம் நடத்தறதா?" என்று கிணறு அதிரக் கத்தினேன். வரப்பில் போய்க்கொண்டிருந்த ஒருவர் எட்டிப் பார்த்துவிட்டு, குடும்பச் சண்டை என்று தெரிந்து நடையைக் கட்டினார்.

"எத்தினி பேரு கெணத்து மேல நின்னு எனுக்காக ஒன்னு ரெண்டு எண்ணியிருக்காங்க, அவங்க மூஞ்சில எப்படி முழிக்கறதாம்?" என்றார் மெதுவாக. சொல்லிவிட்டு மறுபடி தண்ணீருக்குள் போனார். 'ஆ' என்று விட்டுக்கொண்டே வந்தார். நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு எண்ணினேன், இந்தத் தடவை வரும் குமிழியை.

பழகினது போதும் என்று மாஸ்டர் சொன்ன பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை மறுபடி படகேறினோம். தண்ணீர் கலங்கல் இல்லை என்று படகோட்டி சொன்னார். வெளியூரிலிருந்து வந்த நாலு பேர் எதிரே உட்கார்ந்திருந்தார்கள், எல்லாரும் புது உடுப்பும் பெரிய பேச்சும். எங்கே இறங்கலாம் என்று மாஸ்டர் கேட்டார். எனக்கு வாயைத் திறக்கவே பயம். என் முகம் எந்தப் பக்கம் திரும்பிவிடுமோ என்று கால்விரலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

"எனுக்கு பயமா இருக்கு மாஸ்டர்" என்றார் என் வீட்டுக்காரர், எஞ்சின் சத்தத்தை மீறி எல்லார் காதிலும் விழுகிற மாதிரி. "ஏழு மீட்டர்லயே எறங்கறேன்."

நாலு பேரில் ஒருவன் சிரித்தான். அவன் பல்லை உடைக்கலாமா என்று ஒரு கணம் தோன்றியது. என் வீட்டுக்காரர் அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. என்னைப் பார்த்தார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன்.

ஏழு மீட்டர் பாறையில் அன்றைக்கு மீன் பெரிதாக ஒன்றும் இல்லை என்று மேலே வந்தபிறகு மாஸ்டர் சொன்னார். இருந்ததோ இல்லையோ, எனக்குத் தெரியாது. நாற்பது நிமிஷமும் நான் அவர் விடுகிற குமிழியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.