வலிப்பு கண்ட மிளகு

மிளகு ஏற்றுமதிக் கடையில் கடிதம் எழுதுபவனுக்கு ஆங்கிலம் தெரிந்தால் போதும் என்று நாடு முழுக்க ஒரு மூடநம்பிக்கை பரவியிருக்கிறது. அதை முழுப் பொறுப்புடன் மறுக்கிறேன். தெரிந்ததை வெளியே சொல்லாமல் இருக்கவும் தெரிய வேண்டும். எழுபதுகளின் கடைசியில் கொச்சி மட்டாஞ்சேரியில் நான் பட்ட பாட்டை, முதலாளிகளுக்குக் கடிதம் எழுதியே விரல் தேய்ந்த சக குமாஸ்தாக்களாகிய நீங்களாவது நம்புவீர்கள்.

லண்டன் கடிதம்

எங்கள் முதலாளி பாலக்காட்டு ராவுத்தர். நல்ல மழைக்காலத்தில் லண்டன் வியாபாரியிடமிருந்து கடிதம் வந்தது. உங்கள் சரக்கு 'ஸ்பாஸ்மோடிக்' ஆக வருகிறது, இப்படியே போனால் அடுத்த வருஷ ஆர்டர் கிடையாது என்று எழுதியிருந்தான். அந்த ஆர்டர்தான் எங்கள் கடையின் பாதி வியாபாரம். முதலாளி அந்தச் சொல்லின்மேல் விரலை வைத்து அர்த்தம் கேட்டார்.

'திடீர் திடீரென்று' என்று சொல்லிவிட்டு நான் சாப்பிடப் போயிருக்கலாம். போனேனா? இது கிரேக்கத்தில் 'இழு' என்ற சொல்லிலிருந்து வந்தது. முதலில் தசை வெட்டி வெட்டி இழுக்கும் நோயைக் குறித்தது. பிறகு திடீரென்று கிளம்பித் திடீரென்று அடங்கும் எதற்கும் ஆகிவந்தது. நம்முடைய வலிப்பும் வலித்தல், அதாவது இழுத்தல், என்பதிலிருந்து பிறந்ததுதான் என்று அடுக்கினேன். முதலாளியின் முகம் சிவந்துவிட்டது. படித்தவன் என்பதால் என்னை வாத்தியார் என்ற பொருளில் 'மாஷ்' என்றுதான் கூப்பிடுவார்.

"மாஷே, என் மொளகுக்கு வலிப்பு வந்திருக்குன்னா சொல்றான் அவன்?"

கோடவுன் தரப்பு

சரக்குக் கிடங்கான கோடவுனின் மேற்பார்வையாளர் வறீது சேட்டனை வரவழைத்தார்கள். மட்டாஞ்சேரியில் மழைக்கால முறை ஒன்று உண்டு. ஈரக்காற்றில் மூட்டை கட்டினால் மிளகு பூஞ்சை பிடித்துவிடும். ஆகவே வெயில் வரும்வரை சாயா குடித்துக்கொண்டு வானத்தைப் பார்ப்பார்கள். சூரியன் அரை நாள் தலைகாட்டினால் போதும். முற்றம் முழுக்க மிளகு பரவும், தராசு ஆடும், மூட்டைகள் ஓட்டமாக ஓடித் தோணியில் ஏறும். மறுபடி மழை, மறுபடி சாயா.

சும்மா இருக்க முடியாமல், அந்தச் சொல் உண்மையில் மழைக்குத்தான் பொருந்தும் என்றேன்.

"அப்போ அந்த லெட்டர் மழைக்கு வந்ததல்லே சாரே? எங்கிட்ட எதுக்குக் காட்டுறீங்க?"

பதில்

முதலாளி எழுதச் சொன்னது ஒரே வரி: மன்னிக்கவும், இனி மாதம் தவறாமல் வரும். அப்பட்டமான பொய். அதைவிட என்னை உறுத்தியது, ஒரு நல்ல சொல் தப்பான இடத்தில் கிடந்ததுதான். நோயின் இழுப்புக்குக் கணக்கில்லை. எங்கள் மிளகுக்கு உண்டு, வெயிலடித்தால் வரும். எனவே கிரேக்கத்தில் தொடங்கி, ஸ்பாஸ்மோடிக் ஆனது மழைதான், நவம்பர் முதல் மே வரை சரக்கு கடிகாரம் போல வரும், மற்ற மாதங்களுக்கு யாராலும் உறுதி தரமுடியாது என்று முடித்தேன். முதலாளி படிக்காமல் கையெழுத்துப் போட்டார்.

அதற்கு லண்டனிலிருந்து வந்த பதிலை முதலாளிக்கு நான்தான் உரக்கப் படித்தேன். விஷயத்தை இவ்வளவு தெளிவாக விளக்கியதற்கு லண்டன்காரன் நன்றி சொல்லியிருந்தான். அடுத்த வருஷம் நவம்பர் முதல் மே வரை மட்டும் எங்களிடம் வாங்குவானாம். மழை மாதங்களுக்கு வேறு நாட்டில் ஆள் பார்த்துவிட்டானாம்.

"நம்ம ஊரு மழையப் பத்தி அவன் உன்கிட்டக் கேட்டானா மாஷே?"

சொல்லின் வேரைத் தோண்டியதில் கடைக்கு ஏழு மாத ஆர்டர் மிஞ்சியது. மறுநாள் என் மேசையைக் கோடவுன் வாசலுக்கு மாற்றினார்கள், வெயில் வந்தால் குரல் கொடுப்பது என் வேலையாயிற்று.