பாட்டிலில் வரைந்த பூதம்

வயலுக்கு அடித்தது போக மிஞ்சிய களைமருந்தை என் வீட்டுக்காரர் ஒரு ஆரஞ்சு ஜூஸ் பாட்டிலில் ஊற்றிக் கொண்டுவந்தார். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"உனக்கு இன்னா புத்தி கெட்டுப் போச்சா? நாலு வயசுப் புள்ள இருக்கற வூடுய்யா இது!"

"மருந்து டப்பா வெடிச்சிப் போச்சிடி. நாளைக்கு அடிச்சி முடிச்சிடுவேன். இன்னா ஆயிடப் போவுது?"

குளியலறையில் மேல்தட்டில் வைத்தேன். ஆனாலும் மனசு கேட்கவில்லை. மகளுக்கு எழுத்து தெரியாது. மருந்து டப்பாவில் இருக்கிற மாதிரி மண்டையோடு வரைந்தால் அவளுக்கு என்ன புரியும்? மார்க்கரை எடுத்து, புதுவீடு கட்டும்போது முகப்பில் தொங்கவிடுவோமே, அந்தத் திருஷ்டி பூதத்தை வரைந்தேன். பிதுங்கிய முழி, கோரைப்பல், மார்வரைக்கும் நாக்கு. எனக்கே பார்க்கப் பிடிக்கவில்லை. இனிமேல் கிட்டப் போகமாட்டாள் என்று நிம்மதியாகப் படுத்துவிட்டேன்.

மறுநாள் காலையில் மாடியில் துணி காயப்போட்டுவிட்டு இறங்கி வந்தால், குளியலறையில் பிளாஸ்டிக் சேர் கிடக்கிறது. பாட்டிலைக் காணோம்.

ஐயோ கடவுளே! அவள் பெயரைச் சொல்லிக் கத்தினேன். பதில் இல்லை. உள்ளே தூளியில் ஆறுமாதப் பையன் வேறு தூங்குகிறான். உள்ளே ஓடினேன்.

தூளிக்குக் கீழே உட்கார்ந்திருந்தாள். மடியில் பாட்டில்.

"தொறக்க வரலம்மா. நீ தொறந்து குடு. தம்பிக்குத் திருஷ்டிப் பொட்டு வெக்கணும்."

அப்போதுதான் உறைத்தது. இந்த வீடு கட்டும்போது முகப்பில் தொங்கிய பூதத்தைப் பார்த்து இவள் வீறிட்டு அழுதாள். தூக்கி இடுப்பில் வைத்து நான்தான் சொன்னேன்: "அழுவாதடி, அது நல்ல பூதம். நம்மள யாரும் ஒண்ணும் பண்ணாம காவல் காக்குது." அன்றிலிருந்து தினமும் அதற்கு டாட்டா காட்டிவிட்டுத்தான் பால்வாடிக்குப் போவாள். முகப்பில் தொங்கினால் காவல், பாட்டிலில் இருந்தால் எமன் என்று அவளுக்கு யார் சொன்னது? பாழாய்ப்போன நான் சொல்லவில்லை.

பாட்டிலைப் பிடுங்கிப் பார்த்தேன். மூடி இறுக்கமாகத்தான் இருந்தது. ஆனால் அதன் விளிம்பைச் சுற்றி அவளுடைய பல் பதிந்திருந்தது.

இரண்டு பிள்ளைகளையும் வாரிக்கொண்டு ஆட்டோவில் ஓடினேன். டாக்டரம்மா வாயைத் திறக்கச் சொல்லிப் பார்த்தார், வயிற்றை அமுக்கிப் பார்த்தார், வெகுநேரம் உட்காரவைத்து மறுபடியும் பார்த்தார். உள்ளே ஒன்றும் போகவில்லை என்று அவர் சொன்ன பிறகுதான் நான் அழுதேன். அவருக்கு என்மேல் கோபம்.

"விஷத்த ஜூஸ் பாட்டில்ல வெச்சிருக்கீங்க. ஆபத்துன்னு ஒரு அடையாளமாவது போட்டு வெச்சீங்களாம்மா?"

நான் வாயைத் திறப்பதற்குள் என் மகள் முந்திக்கொண்டாள்.

"எங்கம்மா நல்ல பூதம் வரைஞ்சி வெச்சிருந்தாங்க."