நூல் கோனில் எழுதிய கைரேகை

தொண்ணூறுகளின் கடைசியில், வண்ணார்பேட்டையில் ஒரு நூல் வியாபாரியின் அலுவலகத்தில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. கீழே பஸ்களின் ஹாரன், தலைக்கு மேல் ஏசியின் சொட்டு, காலடியில் ஒரு பெட்டி. பிராக்ஸி என்பார்கள். அலுவலகத்திலிருந்து வெளியே போகிற எதுவும், உள்ளே வருகிற எதுவும் அதன் கையைத் தொட்டுத்தான் போகும்.

முதலாளி வடையைக்கூடப் பிய்த்து முகர்ந்துவிட்டுத்தான் தின்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டார். விற்பனைக்காக ஊர் ஊராகப் போகும் மேலப்பாளையத்துப் பாயைப் பற்றி.

"ஏலே, அவன் லேப்டாப்ல என்னமோ தட்டிக்கிட்டே இருக்கான். வேற எடத்துக்குத் தாவுதானா, நம்ம விலைய எவனுக்காவது சொல்லுதானா, பைய பாத்துச் சொல்லு."

"அது பூட்டுப் போட்ட மெயில் பக்கம் அண்ணாச்சி. படிக்க முடியாது."

"பூட்டுன்னா சாவி இருக்கும்லா."

இருந்தது. தொலைவிலுள்ள சர்வர், தான் இன்னார் என்கிற சர்ட்டிபிகேட்டைக் காட்டும். அதில் யார் கையெழுத்து என்று லேப்டாப் தன் நம்பிக்கைப் பட்டியலில் தேடும். இருந்தால் திரையின் மூலையில் பூட்டு விழும். அந்தப் பட்டியலில் என் கையெழுத்தையும் நுழைத்துவிட்டால் போதும், என் பெட்டி நடுவில் நின்று சர்வர் வேஷம் கட்டும். லேப்டாப் அதையும் கும்பிடும்.

"பாய், லேப்டாப்பக் குடுங்க, ஒரு சின்ன வேலை இருக்கு."

கொடுத்துவிட்டு டீ குடிக்கப் போனார். திரும்புவதற்குள் முடித்துவிட்டேன்.

மூன்றாம் நாள், துபாயிலுள்ள ஒரு கூட்டாளிக்கு அவர் எழுதிய மெயில் என் திரையில் விரிந்தது. துபாயில் வேலை கிடைத்திருக்கிறது. தங்கச்சியின் நிக்காஹ் முடிந்ததும் வருகிறேன். அதுவரை இங்கே தெரியக்கூடாது, தெரிந்தால் இந்த வேலை போய்விடும், இந்தச் சம்பளத்தில்தான் கல்யாணமே. சாயங்காலம் பஸ் ஆற்றுப்பாலத்தில் முக்கி முக்கி நகர்ந்தது. கீழே தண்ணீர் எதையும் படிக்காமல் போய்க்கொண்டிருந்தது. நான்தான் படித்திருந்தேன்.

மறுநாள் காலை பாய், நூல் சுற்றுகிற காகிதக் கோன் ஒன்றை என் மேசைமேல் நிறுத்தினார். அதைச் சுற்றிப் பென்சிலில் எண்ணும் எழுத்துமாக. ஒவ்வொரு சர்ட்டிபிகேட்டுக்கும் ஒரு கைரேகை உண்டு, ஒன்றைப்போல் இன்னொன்று இருக்காது என்று முன்பொருநாள் பெருமையாக அவருக்குச் சொல்லிக்கொடுத்தவனே நான்தான்.

"நேத்து பிரவுசிங் சென்டர்ல பாத்து எழுதுனேன். அதே பக்கம்தான். இங்கன பாத்தா வேற ரேகை காட்டுது. நடுவுல யாரு வே?"

நான் ஏசியைப் பார்த்தேன்.

"எங்க வாப்பா சவுதியில இருந்து ஆள்கிட்ட சாமான் குடுத்துவிட்டா உம்மா சும்மா வாங்க மாட்டாக. அடையாளம் கேப்பாக. வாப்பா பொறப்பட்ட அன்னைக்கு வீட்டுல என்ன ஒடஞ்சுதுன்னு. சொன்னாத்தான் நம்ம ஆளு. நீரு எனக்கு ஒரு அடையாளம் சொல்லும்."

என்னிடம் இருந்தது ஒன்றே ஒன்றுதான்.

"தங்கச்சி நிக்காஹ் முடிஞ்சு போறதா எழுதியிருக்கிய. அண்ணாச்சிட்ட நான் சொல்லல."

கோனைப் பையில் போட்டுக்கொண்டார். "அடையாளம் சரிதான்" என்றார். "ஆளுதான் சரியில்ல."

அவர் கண்ணெதிரே என் கையெழுத்தைப் பட்டியலிலிருந்து அழித்தேன். என் பெட்டி இன்னும் நடுவில்தான் நின்றது; மறுபடி அந்தப் பக்கத்தைத் திறந்ததும் திரை கேட்டது: இது யாரென்று தெரியவில்லை, தொடரலாமா? யாராக இருந்தாலும் படிக்காமல் 'ஆம்' என்று தட்டிவிடுவார்கள். பாய் 'இல்லை' என்பதைப் பேன் குத்துவதுபோல அழுத்தினார்.

"என்னல, சிக்குச்சா?" என்றார் முதலாளி சாயங்காலம்.

"ஒண்ணும் இல்ல அண்ணாச்சி."

வடையைப் பார்ப்பதுபோல என்னைப் பார்த்தார்.

கல்யாணத்துக்கு எனக்கும் பத்திரிகை வந்தது. பாயே பக்கத்தில் நின்று பிரியாணி வைத்தார், நிறையவே வைத்தார். அதன்பின் இரண்டு வாரம் வேலைக்கு வந்தார். கக்கூசுக்குப் போனாலும் லேப்டாப் அவர் தோளிலேயே போயிற்று.