வாசற்படியில் இருந்த கை

காலையில் சன்னலோரம் ‘டிக்’ என்று கேட்டபோது, பல்லி என்றுதான் ஆன் மேரி நினைத்தாள். திரும்பிப் பார்த்தால், போன வாரம் சோதனைக்காகச் சுட்டு வைத்த சின்ன மண்வில்லையில் மிளகளவு சில்லு தெறித்திருந்தது. அந்தப் பள்ளத்தின் நடுவில் வெள்ளையாக ஒரு புள்ளி. சுண்ணாம்பு.

அதே மண்ணில் செய்த தம்பியின் கை இப்போது சூளைக்குள் ஆறிக்கொண்டிருந்தது.

விருத்தாசலத்துப் பீங்கான் பட்டறையில் பொம்மைகளுக்கு அச்சு எடுப்பவள் மேரி. ஓய்ந்த நேரத்தில் தனக்கென்றும் எதையாவது செய்வாள். அவற்றில் சில புதுச்சேரிக் கண்காட்சி வரை போயிருக்கின்றன.

தம்பி பிலோமின்ராஜ் ஒன்பதாவது படிக்கும்போது, வாசற்படியின் ஈரச் சிமெண்டில் கையை அழுத்தி வைத்து அப்பாவிடம் உதை வாங்கினான். 2004 கிறிஸ்துமஸுக்கு வேளாங்கண்ணி போனவனை மறுநாள் கடல் கொண்டுபோனது. உடல் கிடைக்கவில்லை. பூ வைக்கக் கல்லறையும் இல்லை. அந்தப் படி மட்டும் இருந்தது. அம்மா அதை மிதிக்காமல் தாண்டித்தான் போவாள்.

இந்த வருஷம் சாலையை அகலப்படுத்த வீட்டின் முன்பக்கம் இடிபட்டது. அதற்கு முன்பே மேரி கைப்பள்ளத்தில் களிமண்ணை அமுக்கி எடுத்துவிட்டாள். பள்ளம் மேடாகி, கையே எழுந்து வந்தது. வீடும் அதில் இருக்கட்டும் என்று சுவரின் சுண்ணாம்புக் காரையைச் சுரண்டி, மாவு சலிக்கும் சல்லடையில் சலித்து, மண்ணோடு பிசைந்திருந்தாள். சூளை பார்க்கும் கோவிந்தசாமி அன்றைக்கே கிண்டலடித்தார்: “வூட்ட இடிச்சா ஏரிக்கரையில கொட்டுவாங்க. நீ சூளையில கொட்றியே பாப்பா!”

சல்லடையில் தப்பிய சுண்ணாம்புக் குருணைகள் சூளையில் வெந்து, காற்றின் ஈரத்தைக் குடித்து வீங்கும். விரல்கள் ஒவ்வொன்றாகத் தெறிக்கும். சூளையிலிருந்து எடுத்ததும் தண்ணீரில் முக்கினால் சுண்ணாம்பு குழைந்து அடங்கலாம். விரிசலும் விடலாம்.

பட்டறைக்கு ஓடிவந்து அண்டாவை நிரப்பினாள். மகனின் கையைப் பார்க்க அம்மாவும் பின்னாலேயே வந்திருந்தாள்.

“இன்னாத்துக்குடி தண்ணி?”

மேரி சொன்னாள். அம்மா அண்டாவை மறித்து நின்றாள்.

“வேணாம். எம்புள்ளைய தண்ணியில போடாத.”

“போடலன்னா ஒரு விரலுகூட மிஞ்சாதும்மா.”

“தெறிச்சா தெறிக்கட்டும். எங்கண்ணு முன்னால முங்க வேணாம்.”

கோவிந்தசாமி சூளையைத் திறந்து, மண்கையைக் கோணியில் ஏந்தி வந்தார். “காத்து பட பட மோசம் அக்கா. சீக்கிரம் சொல்லுங்க.”

சூட்டில் சுருங்கி, கை இன்னும் சின்னப் பையனுடையதாகியிருந்தது. அம்மா தன் கையை அதன்மேல் வைத்தாள்.

“சூடா இருக்கான்டி,” என்றாள். முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். “நான் புடிச்சிக்கிறேன். வுட மாட்டேன். அப்பிடின்னா முக்கு.”

இருவருமாக இறக்கினார்கள். விரலிடுக்குகளிலிருந்து குமிழ்கள் கிளம்பின.

“ஐயோ, மூச்சு வுடுறானா?”

“மண்ணுக்குள்ள இருக்கிற காத்தும்மா.”

சொல்லிவிட்டு மேரி அடுத்த ‘டிக்’குக்காகக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றாள். தண்ணீருக்குள் அது கேட்குமா என்றுகூடத் தெரியவில்லை.

சுண்டுவிரல் நுனி மட்டும் உதிர்ந்து அம்மாவின் கைக்கு வந்தது. மற்ற விரல்கள் நின்றன. குமிழ்கள் அடங்கிய பிறகும் அம்மா தண்ணீரிலிருந்து கையை எடுக்கவில்லை.